டெக்ஸஸ் புறநகர் ஹைஸ்கூல்: படிப்பு, வயலின், டென்னிஸ் மூன்றும் எட்டு பீரியடுக்குள் அடங்குமா?

கேள்வி: ஆகஸ்டில் டாலஸுக்கு வடக்கே, பிளேனோ – ஃபிரிஸ்கோ பக்கம் குடிபோகிறோம். எனக்கு எச்-1பி வேலை விசா, மற்றவர்களுக்கு அதைச் சார்ந்த எச்-4. மகன் சென்னையில் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறான். ஆறு வருடமாகக் கர்நாடக வயலின் கற்கிறான், மூன்று வருடமாக டென்னிஸ் ஆடுகிறான். அங்கே அரசுப் பள்ளியில் இரண்டையும் தொடர முடியுமா, இல்லை படிப்புக்காக ஒன்றை விட்டுவிட வேண்டுமா?

பதில்:

தொடரலாம். ஆனால் முதலில் ஒன்று பிடிபட வேண்டும். நம் ஊரில் பாட்டும் ஆட்டமும் பள்ளி விட்ட பிறகு, வெளியே, தனி வாத்தியாரிடம் நடப்பவை. டெக்ஸஸில் அவை டைம்டேபிளுக்குள்ளேயே பீரியடாக இருக்கின்றன. மார்க் உண்டு, கிரெடிட் உண்டு. கணிதத்தில் தோற்றால் டென்னிஸ் மேட்ச் ஆட விடமாட்டார்கள். டென்னிஸ் எடுத்தால் சில பள்ளி மாவட்டங்களில் (ஓர் ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) ஜி.பி.ஏ., அதாவது எல்லாப் பாடங்களின் சராசரிப் புள்ளி, இறங்கும். இப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒரு வருடத்துக்குக் கையில் இருக்கும் ஏழு அல்லது எட்டு பீரியடில் எதை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் கிரெடிட் கணக்கு. வருடம் முழுக்கப் படிக்கும் ஒரு பாடத்துக்கு ஒரு கிரெடிட், அரையாண்டுப் பாடத்துக்கு அரை. மாநிலம் கேட்கும் குறைந்தபட்சம் 22: ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 3, சமூகவியல் 3, அயல்மொழி 2, நுண்கலை 1, உடற்கல்வி 1, விருப்பப்பாடம் 5. ஆனால் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் யாரும் 22-இல் நிறுத்துவதில்லை. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்), பிசினஸ், கலை என ஏதாவது ஒரு சிறப்புப் பிரிவோடு 26 கிரெடிட், அதில் அல்ஜீப்ரா 2 உட்பட நான்கு வருடக் கணிதமும் நான்கு வருட அறிவியலும் முடித்தால் ‘டிஸ்டிங்விஷ்ட்’ தகுதி கிடைக்கும். மாநிலப் பல்கலைக்கழகங்களின் தானியங்கி அனுமதிக்கு அந்தத் தகுதி இருந்தே ஆக வேண்டும். பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர் தரும் திட்டத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பல பள்ளிகளில் ஏ நாள், பி நாள் என்று மாறி மாறி வரும். நாளுக்கு ஒன்றரை மணி நேர வகுப்பு நான்கு, ஆக மொத்தம் எட்டுப் பாடம். ஆர்கெஸ்ட்ரா ஒன்று, டென்னிஸ் ஒன்று போனால் மிச்சம் ஆறு. அதில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூகவியல், அயல்மொழி போட்ட பிறகும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு ஓர் இடம் இருக்கும். ஆர்கெஸ்ட்ரா நுண்கலைக் கிரெடிட்டையும் டென்னிஸ் உடற்கல்விக் கிரெடிட்டையும் கொடுத்துவிடுவதால் எதுவும் வீண் இல்லை. ஏழு பீரியட் பள்ளியாக இருந்தால் நெருக்கும். அரசாங்கம், பொருளாதாரம் போன்ற அரையாண்டுப் பாடங்களைக் கோடையில் ஆன்லைனிலோ, காலின் கல்லூரி போன்ற உள்ளூர்க் கம்யூனிட்டி கல்லூரியில், பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்காகும் இரட்டைக் கிரெடிட்டாகவோ முடித்து இடம் பிடிப்பார்கள். வீடு தேடும்போதே அந்த முகவரிக்கு எந்தப் பள்ளி, அங்கே எத்தனை பீரியட் என்று விசாரியுங்கள். வாடகை வீட்டுத் தளங்களில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரை நம்பாமல் மாவட்டத்தின் சொந்தத் தளத்தில் முகவரியைத் தட்டிப் பாருங்கள். பிளேனோவில் ஹைஸ்கூல் 9, 10 வகுப்புகளோடு நின்று, 11, 12 வகுப்புகள் சீனியர் ஹைஸ்கூல் என்ற வேறு வளாகத்தில் நடக்கும். உங்கள் மகன் ஒரே வருடத்தில் பள்ளி மாற வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதில் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி ஒரு யோசனை செய்வார்கள்: ஒன்பதையே திரும்பப் படிக்க வைத்தால் ஜி.பி.ஏ. புதிதாகத் தொடங்குமே என்று. நான் வேண்டாம் என்பேன். காரணம் இரண்டு. டெக்ஸஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு யூ.ஐ.எல். அதன் விதிப்படி, முதன்முதலில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து தொடர்ச்சியாக நான்கு வருடம்தான் பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டியில் ஆட முடியும். இந்தியாவில் படித்த ஒன்பதாம் வகுப்பும் அதில் சேரலாம் என்பதால் பன்னிரண்டாம் வகுப்பில் ஆட முடியாமல் போகும் அபாயம் இருக்கிறது. செப்டம்பர் 1 அன்று 19 வயது நிரம்பியிருக்கக் கூடாது என்ற விதி தனி. இரண்டாவது காரணம் விசா. எச்-4 தகுதி 21 வயதோடு முடிகிறது. பள்ளியில் ஒரு வருடத்தைக் கூட்டினால் கல்லூரியில் ஒரு வருடம் குறையும்.

பத்தில் சேர்த்தால் ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கிரெடிட்டாக மாற்றுவார்கள். இங்கேதான் கவனம் வேண்டும். டெக்ஸஸில் தேர்ச்சிக்கு 70, ஏ கிரேடுக்கு 90. சென்னையில் 82 நல்ல மார்க், இங்கே அது பி. சில மாவட்டங்கள் அந்த 82-ஐ அப்படியே ஏற்றிவிடும். சில, ‘தேர்ச்சி’ என்று மட்டும் குறித்து ஜி.பி.ஏ.வில் சேர்க்காமல் விடும். உங்கள் மாவட்ட விதி இரண்டாவதற்கு இடம் தந்தால் அதையே கேளுங்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட், மாற்றுச் சான்றிதழ், கணித – அறிவியல் பாடத்திட்டத்தின் அச்சுப்பிரதி எல்லாவற்றையும் பள்ளி முத்திரையோடு கொண்டுவாருங்கள். பாடத்திட்டம் எதற்கு என்றால், நம் கணிதத்தில் அல்ஜீப்ராவும் ஜியோமெட்ரியும் கலந்து வரும், இங்கே தனித்தனி வருடம். ஆதாரம் இல்லையென்றால் பையனை அல்ஜீப்ரா 1-இல் உட்கார வைத்துவிடுவார்கள். இங்கே வளர்ந்த நல்ல மாணவர்கள் அதை எட்டாம் வகுப்பிலேயே முடித்திருப்பார்கள். அதிலிருந்து மீளும் வழி, தேர்வெழுதிக் கிரெடிட் பெறுவது. முன்பு முறையாகப் படிக்காத பாடத்தில் 80, படித்த பாடத்தில் 70 எடுத்தால் கிரெடிட். மாவட்டம் வருடத்தில் சில தடவைதான் நடத்தும், பதிவு வாரக்கணக்கில் முன்பே மூடிவிடும். ஜியோமெட்ரி தேர்வுக்கு நிரூபண முறையையும் அவர்கள் சொற்களையும் ஒரு மாதமாவது பழக வேண்டும். ஸ்டார் எனப்படும் மாநிலத் தேர்வுகளில் எதெது அவனுக்குப் பாக்கி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தேர்வு முறையையே மாற்றும் சட்டம் 2025-இல் நிறைவேறியிருப்பதால் பழைய தகவலை நம்ப வேண்டாம்.

அயல்மொழிக்கு ஸ்பானிஷ்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. தமிழில் தேர்வெழுதி அந்தக் கிரெடிட்டைப் பெற உங்கள் மாவட்டம் இடம் தருகிறதா என்று கேளுங்கள். தந்தால் இரண்டு வருடத்துக்குத் தலா ஒரு பீரியட் மிச்சம். பையன் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்றால் இதைவிட லாபமான தேர்வு வேறில்லை.

இனி ஜி.பி.ஏ. ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரப் பாடத்துக்குக் கூடுதல் எடை உண்டு. பிளேனோவில் சாதாரணப் பாடத்தில் முழு மதிப்பெண் 4.0, ஏ.பி.யில் 5.0. ஃபிரிஸ்கோவில் 5.0-க்கு எதிராக 6.0. ஆர்கெஸ்ட்ராவும் டென்னிஸும் பெரும்பாலும் சாதாரண எடைதான். அப்படியென்றால் பிளேனோவில் அதில் 100 வாங்கினாலும் அது 4.0 தான், உயர்ந்த ஜி.பி.ஏ. வைத்திருக்கும் பிள்ளைக்குச் சராசரியை அது கீழே இழுக்கும். சில மாவட்டங்கள் இதனால்தான் நுண்கலை, விளையாட்டுப் பீரியடுகளைத் தர வரிசைக் கணக்கிலிருந்து விலக்குகின்றன, அல்லது முக்கியப் பாடங்களை மட்டும் எண்ணுகின்றன. மாவட்டத்தின் பாடத் தேர்வுக் கையேட்டில் ‘ஜி.பி.ஏ. விலக்கு’ பற்றிய பக்கத்தை மட்டுமாவது வரிவிடாமல் படியுங்கள். சில இடங்களில் விலக்குக்கு மாணவனே குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், தேதி போனால் போனதுதான்.

தர வரிசைக்கு ஏன் இவ்வளவு மோதல் என்றால், 1997-இல் வந்த மாநிலச் சட்டம்தான் காரணம். வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் இருந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தானாக இடம். ஆஸ்டினில் உள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அந்த எல்லை சுருங்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர் பருவத்தில் சேர்பவர்களுக்கு 5 சதவீதம் ஆகிவிட்டது. தானியங்கி அனுமதி பல்கலைக்கழகத்துக்குத்தான், கேட்ட துறைக்கு அல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் இன்ஜினியரிங்குக்கும் கட்டுரை, செயல்பாடு, எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண் எல்லாம் பார்த்துத்தான் இடம் தருவார்கள். எனவே அரைப் புள்ளி ஜி.பி.ஏ.வுக்காகப் பத்தாம் வகுப்பிலேயே வயலினை நிறுத்துவது கணக்குக்கே ஒத்துவராத முடிவு. போட்டி கடுமையான புறநகர்ப் பள்ளியில் ஒரு வருடம் தாமதமாகச் சேரும் மாணவன் முதல் 5 சதவீதத்தை எட்டுவது கடினம். துறைத் தேர்வுக்குக் கைகொடுக்கப்போவது நான்கைந்து வருடம் விடாமல் செய்த ஒரு காரியம்.

ஏ.பி. எத்தனை? பத்தாம் வகுப்பில் இரண்டு போதும். கணித, கம்ப்யூட்டர் பக்கம் ஒன்று, உலக வரலாறு ஒன்று. நம் பிள்ளைகள் கால்குலஸிலும் பிசிக்ஸிலும் தடுமாறுவது குறைவு. வரலாற்றில்தான் அடிபடுவார்கள், அதுவும் ஆவணக் கேள்வியில். ஏழு சிறு ஆவணங்களைக் கொடுத்து, படிக்க 15 நிமிடம், எழுத 45 நிமிடம். மொத்தம் 7 மார்க். ஒரு நிலைப்பாட்டை முதல் பத்தியிலேயே சொன்னால் 1, காலப் பின்னணிக்கு 1, ஆவணங்களையும் வெளித் தகவலையும் ஆதாரமாக்கினால் 3, இந்த ஆவணத்தை எழுதியவர் யார், ஏன் அப்படி எழுதினார் என்று அலசுவதற்கும் வாதத்தின் சிக்கலைக் காட்டுவதற்கும் 2. நம் பையன் மனப்பாடமாகத் தெரிந்த எல்லாவற்றையும் மூன்று பக்கம் எழுதுவான், நிலைப்பாடு மட்டும் இருக்காது. மார்க் பாதிகூட வராது. செப்டம்பரிலிருந்தே வாரம் ஒரு முறை, ஒரே ஒரு வாக்கியத்தில் நிலைப்பாடு எழுதிப் பழகினால் இது சரியாகும். ஏ.பி. தேர்வு மே மாதம், பதிவு நவம்பர் நடுவில் முடியும், ஒரு தேர்வுக்கு ஏறத்தாழ 100 டாலர். 3 அல்லது அதற்கு மேல் எடுத்தால் டெக்ஸஸ் அரசுக் கல்லூரிகள் பொதுவாகக் கிரெடிட் தர வேண்டும் என்று 2015 முதல் சட்டம் இருக்கிறது. சில துறைகள் மட்டும் 4, 5 கேட்கும்.

வயலின் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருடம் வாசித்தவன் என்றாலும் ஆர்கெஸ்ட்ரா ஆடிஷனில் தடுமாற வாய்ப்பு அதிகம், திறமைக் குறைவால் அல்ல. தரையில் அமர்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி வாசித்த கை, இப்போது நாற்காலியில் அமர்ந்து தாடைக்கடியில் பிடித்து வாசிக்க வேண்டும். தந்திகள் ச–ப–ச–ப என்று சேராமல் ஜி–டி–ஏ–ஈ என்று நிற்கும், ஆகவே பழகிய விரலடி ஒவ்வொன்றும் வேறு சுரம் கொடுக்கும். நான்காம் விரல், அதாவது சுண்டு விரல், நாம் குறைவாகப் பயன்படுத்துவது, அங்கே ஓயாமல் வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்டு வாசிக்கும் பழக்கத்திலிருந்து பார்த்து வாசிக்கும் பழக்கத்துக்கு மாற வேண்டும். ஆடிஷனில் கேட்பது பொதுவாக மூன்று: இரண்டு ஸ்தாயி ஸ்கேல், தயார்செய்த ஒரு பகுதி, முன்பின் பார்க்காத ஒரு வரி. மூன்றாவதில் பூஜ்யம் வாங்கினால் மேல் குழுவில் இடம் கிடைக்காது.

கையில் இருக்கும் இரண்டு மாதத்துக்கு இதைச் செய்யுங்கள். தோளணை ஒன்று வாங்குங்கள். முடிந்தால் இரண்டாவது வயலின் ஒன்று வாடகைக்கு எடுங்கள், ஏனென்றால் ஒரே வாத்தியத்தில் சுருதியை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் ஈ தந்தி அறும், குதிரை சாயும். முதல் இரண்டு வாரம் பிடியும் வில்லும் மட்டும், கண்ணாடி முன்னால். அடுத்த மூன்று வாரம் முதல் பொசிஷனில் சுரங்களை இசைத்தாளோடு பொருத்துவது. ஜி, டி, ஏ மேஜர் ஸ்கேல்களை மெட்ரோனோம் 60-இல் வைத்து வாசிக்கலாம். அதன் பிறகு தினமும் பத்து நிமிடம் புதிய வரி ஒன்று. தப்பினாலும் நிறுத்தாமல் தாளத்தோடு போய்விட வேண்டும். நின்று திருத்துவது நம் பயிற்சியின் நல்ல பழக்கம், ஆடிஷனில் அதுவே மார்க்கைக் குறைக்கும். காதும் லயமும் ஏற்கெனவே இருப்பதால் ஆறு மாதத்தில் குழுவில் மளமளவென்று மேலே வந்துவிடுவான். முதல் வருடம் கீழ்க்குழுவில் போட்டால் சண்டை பிடிக்காதீர்கள். இலையுதிர் காலத்தில் வட்டார அளவிலான ஆல்-ரீஜன் ஆடிஷன், அதற்கு மேல் ஆல்-ஸ்டேட் என்று ஏணி இருக்கிறது. வசந்தத்தில் யூ.ஐ.எல். போட்டியில் முழு ஆர்கெஸ்ட்ராவும் தயார்செய்த பாட்டோடு புதிய தாளையும் சில நிமிடம் பார்த்துவிட்டு வாசித்துக் காட்ட வேண்டும். கர்நாடக சங்கீதத்தை விட வேண்டாம். டாலஸ் பக்கம் நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வார இறுதி ஒரு வகுப்பு போதும்.

இசை என்றவுடன் மார்ச்சிங் பேண்ட் பற்றியும் யாராவது சொல்வார்கள். அது காற்று வாத்தியமும் தாள வாத்தியமும், வயலினுக்கு அங்கே வேலை இல்லை. ஆகஸ்ட் வெயிலில் தார்த்தளத்தில் தொடங்கி, வெள்ளி இரவு ஃபுட்பால் ஆட்டம், சனிக்கிழமை போட்டி என்று நவம்பர் வரை குடும்பத்தையே இழுத்துக்கொள்ளும் வேலை. அருமையான அமைப்பு, ஆனால் டென்னிஸோடு சேர்த்துச் செய்ய முடியாது.

டென்னிஸில் கோச்சுக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதுங்கள். அடுத்த வருட அணிக்கான தேர்வைப் பல பள்ளிகள் வசந்தத்திலேயே முடித்திருக்கும். ஆகஸ்டில் வந்து இறங்குபவன் முன்கூட்டியே சொல்லியிருந்தால்தான் தனியாகப் பார்ப்பார்கள். ஆடும் இரண்டு நிமிட வீடியோ, ஆடிய போட்டிகள், ரேட்டிங் இருந்தால் அது, எந்த வகுப்பு, வரும் தேதி – இவ்வளவுதான் எழுத வேண்டும். இலையுதிர் காலத்தில் அணி டென்னிஸ்: ஆண், பெண் ஒற்றையர் தலா ஆறு, இரட்டையர் தலா மூன்று, கலப்பு இரட்டையர் ஒன்று, மொத்தம் 19 ஆட்டம். பத்து வென்ற பள்ளிக்கு வெற்றி. வசந்தத்தில் தனிநபர் பிரிவு, அங்கே ஒருவர் ஒற்றையரோ இரட்டையரோ ஏதாவது ஒன்றில்தான் இறங்கலாம். இந்தப் புறநகர்களில் வார்சிட்டிக்குப் போட்டி பலம். அகாடமியில் வளர்ந்த பிள்ளைகள் ஏராளம். முதல் வருடம் ஜே.வி. எனப்படும் இரண்டாம் நிலை அணி கிடைத்தாலே நல்ல தொடக்கம், ஏணி ஆட்டத்தில் மேலே இருப்பவனைச் சவால் விட்டு முன்னேறலாம். ஒற்றையரில் இடம் இல்லையென்றாலும் நெட்டில் கை வேகம் உள்ளவனுக்கு இரட்டையரில் இடம் கிடைக்கும், சென்னையிலிருந்தே வாலியையும் இரண்டாம் சர்வையும் தேய்த்துக்கொண்டு வரட்டும். அணியிலேயே இடம் கிடைக்காவிட்டால் கிராஸ் கண்ட்ரி என்ற நெடுந்தூர ஓட்டத்தைப் பாருங்கள். யாரையும் வெட்டாமல் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் அணிகள் அதில் அதிகம். கிரிக்கெட் யூ.ஐ.எல். பட்டியலில் இல்லை. ஆசை இருந்தால் வார இறுதி லீக்குகள் உண்டு, டெக்ஸஸ் சூப்பர் கிங்ஸ் ஆடும் கிராண்ட் பிரெய்ரி மைதானமும் பக்கத்தில்தான்.

படிவங்களால்தான் முதல் மாதம் வீணாகும். யூ.ஐ.எல். படிவத்தில் உடற்தகுதிச் சான்று இல்லாமல் கோர்ட்டில் கால் வைக்க விடமாட்டார்கள். சென்னை டாக்டரிடம் வாங்கி வராமல் இங்கே ஒரு கிளினிக்கில் செய்துகொள்ளுங்கள். தலைக்காயம், திடீர் இதயத் துடிப்பு நிறுத்தம் பற்றிய ஒப்புதல் படிவங்களும் உண்டு, ஈ.சி.ஜி. எடுக்கும் வாய்ப்பு அதில் சொல்லப்பட்டிருக்கும், குடும்பத்தில் இதயநோய் இருந்தால் எடுத்துவிடுங்கள். சென்னையில் பள்ளி அணிக்கு ஆடியிருந்தால் முந்தைய விளையாட்டுப் பங்கேற்புப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும், அது முடியும்வரை வார்சிட்டி இல்லை. பயிற்சி நேரத்துக்கு வரம்பு இருக்கிறது. பள்ளி நேரத்துக்கு வெளியே ஒரு விளையாட்டுக்கு வாரம் 8 மணி நேரம்தான்.

1984 முதல் டெக்ஸஸில் ‘தேறாவிட்டால் ஆட்டமில்லை’ என்ற சட்டம் இருக்கிறது. முதல் ஆறு வாரம் கழிந்து, அதன்பின் ஒவ்வொரு மதிப்பீட்டுக் காலமும் முடியும்போது எந்தப் பாடத்திலாவது 70-க்குக் கீழே போனால் போட்டியில் தடை. உடனே வராது, ஏழு நாள் அவகாசம் உண்டு. தடை குறைந்தது மூன்று வாரம். அப்போது எல்லாப் பாடத்திலும் 70 தொட்டிருந்தால், மறுபடி ஏழு நாள் கழித்துத் திரும்பலாம். பயிற்சிக்குப் போகத் தடையில்லை. ஆர்கெஸ்ட்ராப் போட்டிக்கும் இதே விதி. ஏ.பி. போன்ற உயர்நிலைப் பாடங்களுக்கு விலக்கு உண்டு. நன்றாகப் படிக்கும் பிள்ளை இதில் மாட்டுவது பாடம் புரியாமல் அல்ல, ஒப்படைக்காத அசைன்மென்ட்டுக்கு விழும் பூஜ்யத்தால். உதாரணமாக 90, 88, 92, 0 என்று இருந்தால் சராசரி 67.5. நம் ஊரில் வருட இறுதித் தேர்வே எல்லாம் என்று பழகியவனுக்கு இந்த வாராந்தரக் கணக்கு புரியவே இரண்டு மாதம் ஆகும். ஞாயிறு மாலை ஆன்லைன் மதிப்பெண் பக்கத்தை அவனோடு உட்கார்ந்து பாருங்கள், ‘வரவில்லை’ என்று குறித்திருப்பதை அடுத்த நாளே ஆசிரியரிடம் போய்ச் சரிசெய்யச் சொல்லுங்கள். மின்னஞ்சல் எழுத வேண்டியது அவன்தான், பெற்றோர் இல்லை. ஹைஸ்கூல் ஆசிரியர்கள் அதையே விரும்புவார்கள்.

கிளப்புகளில் நிறைய சேர வேண்டாம், ஒன்று போதும். கணக்கு வேகமாகப் போடும் பையன் என்றால் யூ.ஐ.எல். நம்பர் சென்ஸ் பொருத்தமானது. 80 கேள்வி, 10 நிமிடம், ஓரத்தில் எழுதிப் பார்க்கக் கூடாது, அழித்துத் திருத்தவும் கூடாது. ஒவ்வொரு பத்தாவது கேள்வியும் மதிப்பீட்டுக் கேள்வி, 5 சதவீதத்துக்குள் சொன்னால் போதும். கடைசியாகத் தொட்ட கேள்வி எண்ணை 5-ஆல் பெருக்கி, தவறுக்கும் இடையில் விட்டதற்கும் தலா 9 கழிப்பார்கள். 40 வரை போய் 3 தவறு என்றால் 200-இல் 27 போக 173. அதனால் தாவித் தாவிப் போவது நஷ்டம், வரிசையாகப் போக வேண்டும். பயிற்சி காலையில் பள்ளிக்கு முன்பு நடப்பதால் டென்னிஸோடு மோதாமல் போக வாய்ப்பு அதிகம். டிபேட் அப்படியல்ல, வெள்ளி – சனி முழுக்கப் போகும்.

நேரக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். பள்ளி 4 மணிக்கு விட்டால் 6 வரை டென்னிஸ், பயிற்சி முடிந்து பஸ் கிடையாது, நீங்கள்தான் போய் அழைத்து வர வேண்டும். 7.30-க்கு உட்கார்ந்தால் வயலின் அரை மணி போக 10 மணி வரை இரண்டு மணி நேரம் வீட்டுப்பாடம். நான்கு நாளுக்கு 8, வெள்ளியும் வார இறுதியும் சேர்த்து இன்னொரு 7 அல்லது 8. ஆக 16 மணிக்கு மேல் இல்லை. ஒரு ஏ.பி.க்கு வாரம் 4 மணி என்று வைத்தால் மூன்று ஏ.பி.யும் மற்றப் பாடங்களும் சரியாக அடங்கும். நான்காவது ஏ.பி. தூக்கத்திலிருந்துதான் வரும். பதினொன்றாம் வகுப்பில் எஸ்.ஏ.டி. தயாரிப்பும் சேரும்போது டென்னிஸை வார இறுதி ஆட்டமாகக் குறைப்பதா, ஏ.பி.யைக் குறைப்பதா என்று அவனையே முடிவெடுக்க விடுங்கள். ஜே.வி.யிலேயே நின்றால் டென்னிஸை விடலாம். வார்சிட்டியில் வந்துவிட்டால் நான் ஏ.பி.யைத்தான் குறைப்பேன்.

எச்-4 பிள்ளைகளுக்குச் சில கதவுகள் மூடியிருக்கும், முன்பே தெரிந்துகொள்வது நல்லது. சம்பள வேலையும் சம்பளப் பயிற்சியும் கூடாது, தன்னார்வ வேலைக்குத் தடையில்லை. மத்திய அரசின் கல்வி உதவி இல்லை. அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி.யை (எஸ்.ஏ.டி.க்கு முன்னோட்டத் தேர்வு) வைத்துத் தரும் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கு அவனுக்குத் தகுதி உண்டா என்று அந்த அமைப்பின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.ஏ.டி. பயிற்சிக்காக அந்தத் தேர்வை எழுதலாம்.

விடுமுறையில் ஊருக்குப் போவதும் ஒரு சிக்கல். ஒரு பாடத்தின் வகுப்பு நாட்களில் 90 சதவீதம் வந்திருந்தால்தான் கிரெடிட். ஓர் அரையாண்டில் எட்டு ஒன்பது நாள் போனாலே எல்லை வந்துவிடும். டிசம்பர் விடுமுறையோடு ஒட்டிப் பொங்கல் வரை ஊரில் தங்குவது இங்கே நடக்காது. காரணமில்லாமல் ஆறு மாதத்துக்குள் பத்து நாள் வராவிட்டால் விஷயம் நீதிமன்றம் வரை போகலாம். தீபாவளிக்கு மதப் பண்டிகை என்று எழுதிக் கொடுத்தால் விடுப்பு சட்டப்படி ஏற்கப்படும். கல்யாணங்களுக்கு ஜூன், ஜூலைதான்.

சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்ன என்ற கேள்வி வரும். தமிழ் என்று உண்மையை எழுதுங்கள். நான்கு வாரத்துக்குள் ஆங்கிலத் தேர்வு ஒன்று வைப்பார்கள். பேச்சுப் பகுதியில் ஹெட்செட் மைக்கில் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் மார்க் குறையும், பிறகு வருடா வருடம் ஓர் ஆங்கிலத் தேர்வு தொடரும். ஒவ்வொரு பதிலையும் முழு வாக்கியமாக, காரணத்தோடு சொல்லச் சொல்லி அனுப்புங்கள். தடுப்பூசி அட்டையையும் கிளம்புமுன் சரிபாருங்கள். மெனிஞ்சோகாக்கல், ஹெபடைடிஸ் ஏ இரண்டு தவணை, தட்டம்மை – சின்னம்மைக்கு இரண்டிரண்டு தவணை, டீடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான் இருமல்) ஆகியவை டெக்ஸஸில் கட்டாயம். நம் அரசுத் தடுப்பூசிப் பட்டியலில் இல்லாதவையும் இதில் உண்டு. ஹெபடைடிஸ் ஏ தவணைகளுக்கு நடுவே ஆறு மாத இடைவெளி வேண்டும் என்பதால் முதல் ஊசியைச் சென்னையிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.